டால்ஸ்டாயும் அவர்தம் மாந்தரும்

லியோ டால்ஸ்டாய் தம் தாயின் முகத்தை அறியார். துலா மாகாணத்து யாஸ்னயா பல்யானா பண்ணையில், பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1828 ஆகஸ்டு 28 அன்று அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தாய் மரியா வல்கோன்ஸ்கயா மறைந்தார். சிறுமியாயிருந்தபோது கறுப்புத் தாளில் வெட்டிய நிழலுருவம் ஒன்றைத் தவிர அவ்வம்மையாரின் படம் எதுவும் எஞ்சவில்லை. படம் இல்லாமற் போனதும் ஒருவகையில் நல்லதே, அதனால் தாய் தமக்கு உடலற்ற தூய வடிவாகவே நிலைத்துவிட்டார் என்று முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவர் கூறுகிறார்.

ஆயினும் உடலற்ற வடிவைக் கொண்டு நாவல் எழுத இயலாது. முப்பத்தைந்தாம் வயதில் 'போரும் அமைதியும்' நாவலைத் தொடங்கியபோது, கண்டறியாத தாய்க்கு அவர் ஓர் உடலைக் கொடுக்க நேர்ந்தது. மரியா இளவரசி என்னும் அப்பாத்திரம் அழகியல்லள். நடை கனத்தது, முகம் வாடியது, கண்கள் மட்டும் பெரியனவாய் ஒளி வீசுவன. தாயை அழகியாகக் காட்டும் உரிமை அவருக்கு இருந்தது; அதை அவர் பயன்படுத்திக் கொள்ளவில்லை. அன்பின் மிகுதியால் உருவத்தைப் பொய்யாக்காத இந்த நேர்மையிலிருந்தே அவருடைய பாத்திரப் படைப்பைப் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டும்.

குடும்பத்தையே கதைக்களமாக்கியவர் அவர். பாட்டனார் நிகலாய் வல்கோன்ஸ்கி நாவலில் முதிய பல்கோன்ஸ்கி இளவரசர் ஆனார். ஓர் எழுத்துத்தான் மாறியது. ஊதாரித்தனமும் நல்ல மனமும் ஒருங்கே கொண்ட தந்தைவழிப் பாட்டனார் இல்யா டால்ஸ்டாய், இல்யா ரஸ்தோவ் பிரபுவானார். தந்தை நிகலாய், நிகலாய் ரஸ்தோவ் ஆனார். அகத்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டிப் பாடலாகாது என்று வரம்பிட்ட மரபில் வந்தவர்க்கு இது துணிச்சலாகத் தோன்றலாம். பெயரை மறைக்க அவர் பெரிதும் முயலவில்லை என்பதே உண்மை. மறைவிடம் வேறு வகையானது: பெயர் பழையதாக இருக்கும், ஆள் புதியவராகிவிடுவார்.

இம்முறையின் கூர்மை எங்கே காயப்படுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 1837இல் தந்தையும் இறந்தபின் குழந்தைகளுக்குத் தாயாக நின்றவர்களுள் முதன்மையானவர் தூரத்து உறவினரான தத்யானா எர்கோல்ஸ்கயா. அவர் இளமையில் டால்ஸ்டாயின் தந்தையைக் காதலித்தவர். செல்வக் குடும்பத்தில் அவர் மணம் கொள்வதற்காகத் தாமே விலகி நின்றவர். பின்னர், மனைவியை இழந்த அவர் மணக்கக் கேட்டபோது மறுத்து, பிள்ளைகளைக் கைவிடுவதில்லை என்று மட்டும் உறுதி கூறியவர். அன்பென்பது என்னவென்று தமக்குக் கற்பித்தவர் இவரே என டால்ஸ்டாய் நன்றியோடு நினைவுகூர்கிறார். நாவலில் இவ்வம்மையாரின் வாழ்வு சோன்யா என்னும் பாத்திரத்துக்கு அடிப்படையாயிற்று. ஆனால் நாவலின் முடிவில் சோன்யா காய்க்காத பூவாகச் சித்திரிக்கப்படுகிறாள். தியாகம் செய்தவளுக்கு அந்த வீட்டில் பூனையின் இடமே மிஞ்சுகிறது. அவ்வரிகள் எழுதப்பட்ட காலத்தில் அத்தை அதே யாஸ்னயா பல்யானா வீட்டில்தான் வாழ்ந்திருந்தார். நன்றியுள்ள மகனும் இரக்கமற்ற நாவலாசிரியரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர் என்பதை மூடி மறைப்பதில் பயனில்லை.

இக்கண்ணுக்குப் பயிற்சி அளித்தது நாட்குறிப்பு. கசான் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறாமலே வெளியேறிய 1847ஆம் ஆண்டில், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது அவர் அதைத் தொடங்கினார். இடையில் பல ஆண்டுகள் விட்டுவிட்டும் இறுதி நாள்வரை எழுதினார். தமக்குத்தாமே விதிகளை வகுத்துக்கொள்வார், மறுநாளே மீறுவார், மீறியதை வரிசையாகப் பதிவு செய்வார். சூதாட்டம், சோம்பல், தற்பெருமை, பெண்ணாசை ஆகியவற்றை ஒரு குமாஸ்தா கணக்கெழுதுவது போல் எழுதினார். மனிதன் தன்னையே எவ்வளவு நயமாக ஏமாற்றிக்கொள்கிறான் என்பதை அவர் முதலில் கற்ற நூல் இதுவே. 1851இல் காக்கசஸ் மலைநாட்டுக்குச் சென்றார். அங்கிருந்து அனுப்பிய 'குழந்தைப் பருவம்' 1852இல் வெளிவந்து புகழ் தந்தது. பின்னர்ச் செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றினார். போரைப் பற்றிய அவருடைய அறிவு அங்கே பெற்றது.

1862இல், முப்பத்து நான்காம் வயதில், பதினெட்டு வயதுச் சோஃபியா பெர்ஸை மணந்தார். மணத்துக்குமுன் தம் பழைய நாட்குறிப்புகளை அப்பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். அவற்றிலிருந்த கறைகளைக் கண்டு அவர் அழுதார். அந்த வடு வாழ்நாள் முழுதும் ஆறவில்லை. அந்நிகழ்ச்சியும், சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதிக் காதலைத் தெரிவித்த நிகழ்ச்சியும், பின்னாளில் 'அன்னா கரீனினா' நாவலில் லெவினுக்கும் கிட்டிக்கும் உரியனவாயின.

சோஃபியாவின் தங்கை தத்யானா யாஸ்னயா பல்யானாவில் நெடுங்காலம் தங்குவார், பாடுவார், குதிரையேறுவார், வீடு முழுவதும் அவர் குரல் கேட்கும். டால்ஸ்டாய் அவர் பேச்சையும் துடுக்கையும் கவனித்து வந்தார். நதாஷா ரஸ்தோவா பிறந்த விதத்தைக் கேட்டவர்களிடம், தான்யாவை எடுத்துச் சோன்யாவோடு, அதாவது தம் மனைவியோடு, சேர்த்து இடித்தேன், நதாஷா வந்தாள் என்ற பொருளில் வேடிக்கையாகச் சொல்வாராம். வேடிக்கை பொருந்தாத இடமும் உண்டு. தத்யானா டால்ஸ்டாயின் அண்ணன் செர்கேயைக் காதலித்தார். செர்கேய்க்கோ ஏற்கெனவே ஒரு ஜிப்சிப் பெண்ணோடு குடும்பமும் குழந்தைகளும் இருந்தன. 1865இல் அந்தத் திருமணப் பேச்சு முறிந்தது. தத்யானா மனமுடைந்து நோயுற்றார். நதாஷாவின் நோயைப் பற்றிய அத்தியாயங்களில் மருத்துவர்கள் வந்துபோவதையும் மருந்துப் புட்டிகள் சேர்வதையும் படிக்கும்போது, ஒரு வீட்டின் துன்பம் எழுத்தாளனின் கையில் எவ்வளவு விரைவாகச் சரக்காகிவிடுகிறது என்ற எண்ணம் எழாமல் இராது.

உயிருள்ள மாதிரிகளால் மட்டும் அவர் மாந்தர் உருவாகவில்லை. அந்திரேய் பல்கோன்ஸ்கிக்கு மாதிரியாக ஒருவரும் இல்லை. இப்பாத்திரம் யாரைக் குறிக்கிறது என்று உறவினப் பெண்மணி ஒருவர் 1865இல் கேட்டபோது, டால்ஸ்டாய் விளக்கமாக விடை எழுதினார். ஆஸ்டர்லிட்ஸ் போரில் சாவதற்கு அவருக்கு ஒளிமிக்க இளைஞன் ஒருவன் தேவைப்பட்டான். அவ்வளவே முதல் நோக்கம். பிறகு அவ்விளைஞன் மேல் அக்கறை பிறந்தது. நாவலின் தொடர்ச்சியில் அவனுக்கு வேலையும் இருந்தது. ஆகவே கொல்லாமல் கடுங்காயத்தோடு விட்டுவிட்டார். யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்பது நன்றாயிராது என்பதால் முதிய பல்கோன்ஸ்கிக்கு மகனாக்கினார். உலக இலக்கியத்தின் பெருமைமிக்க வீரன் ஒருவன், ஒரு சாவுக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டுப் பின் வீட்டுப் பிள்ளையான கதை இது. 1867 செப்டம்பரில் டால்ஸ்டாய் பரதினோ போர்க்களத்துக்கே சென்று இரண்டு நாள் சுற்றி, மேடு பள்ளங்களைக் குறித்துக்கொண்டு வந்தார். ஆஸ்டர்லிட்ஸில் தப்பிய அந்திரேய் மரணக் காயம் பெறுவது அந்தப் பரதினோவில்தான். 1863இல் தொடங்கிய நாவல் 1869இல் முடிந்தது. கிறுக்கலான கையெழுத்துப் படிகளைச் சோஃபியா இரவிரவாக மீண்டும் மீண்டும் படியெடுத்தார். இடையே குழந்தைகளையும் பெற்று வளர்த்தார்.

'அன்னா கரீனினா' வேறு வகையில் வந்தது. உயர்குடியில் பிறந்து மணமாகித் தன்னை இழந்துவிட்ட ஒரு பெண் தம் மனக்கண்ணில் தோன்றியதாகவும், அவளைக் குற்றவாளியாக அன்றி இரங்கத்தக்கவளாகக் காட்டுவதே தம் வேலை என்றும் 1870இல் மனைவியிடம் கூறியிருந்தார். 1872 ஜனவரியில் யாசென்கி ரயில் நிலையத்தில் அன்னா பிரகோவா என்னும் பெண் சரக்கு ரயிலின் முன் விழுந்து மாண்டார். அண்டைப் பண்ணைக்காரரோடு வாழ்ந்து, அவர் வேறொருத்தியை நாடியதால் மனம் வெறுத்தவர் அவர். பிணப் பரிசோதனை நடந்த இடத்துக்கு டால்ஸ்டாய் சென்றார். சிதைந்த உடலைக் கண்டார். துலா நகரில் ஒரு மாலை விருந்தில் கண்ட புஷ்கினின் மகள் மரியா ஹார்டுங்கின் கருங்கூந்தற் சுருள் அன்னாவின் பிடரிக்கு வந்து சேர்ந்தது என்று தத்யானா தம் நினைவு நூலில் குறிப்பிடுகிறார். 1873 மார்ச்சில், வீட்டில் கிடந்த புஷ்கின் உரைநடைத் தொகுதி ஒன்றைப் புரட்டியபோது, விருந்தினர் கூடும் காட்சியோடு நேராகக் கதைக்குள் புகும் ஒரு துண்டு கண்ணிற்பட்டது. அன்றே எழுதத் தொடங்கினார்.

தொடக்க வரைவுகளைக் காண்போர் திகைப்பர். நாயகிக்கு அங்கே தத்யானா என்றொரு பெயர். பருத்தவள், நயமற்றவள், அடக்கமில்லாத ஆடையும் சிரிப்பும் கொண்டவள். கணவனோ சாந்தமானவன், நம் பரிவுக்குரியவன். மனைவியிடம் கூறிய இரக்கம் தாளில் இறங்கவில்லை. தாளில் நீதிபதி ஒருவர் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தார். லெவினின் கதையும் அப்போது இல்லை. எழுத எழுதப் பெண் உயர்ந்தாள், கணவன் இறுகினான். கணவனின் குடும்பப் பெயரான கரேனின்கூட, ஹோமரில் தலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்ததாக மகன் செர்கேய் பின்னர்த் தெரிவித்தார். நெஞ்சால் அன்றித் தலையால் வாழ்பவன் என்பது பொருள். ஆயினும் அந்தத் தலைமனிதனும் அன்னாவின் நோய்ப்படுக்கை அருகே அழுகிறான், மன்னிக்கிறான். அங்கே நீதிபதிக்கு வேலையே இல்லாமற் போகிறது. தீர்ப்போடு தொடங்கி, எழுதும் உழைப்பிலேயே தீர்ப்பை இழப்பதுதான் டால்ஸ்டாயின் முறை. கொள்கையளவில் அவர் என்றும் தீர்ப்பை விட்டவரல்லர். நாவலின் முகப்பில் பழிவாங்குதல் இறைவனுக்கே உரியது என்னும் விவிலிய வாசகத்தைப் பொறித்தவரும் அவரே. அவருடைய கை மட்டும் அவருக்குக் கீழ்ப்படியவில்லை.

இதை அவரே உணர்ந்திருந்தார். விரோன்ஸ்கி கரேனினைச் சந்தித்தபின் நிகழ்வதைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தாம் சிறிதும் எதிர்பாராத நிலையில், ஆனால் ஐயத்துக்கு இடமின்றி, விரோன்ஸ்கி தன்னைத்தானே சுட்டுக்கொள்ளத் துணிந்தான் என்று 1876இல் நண்பர் ஸ்த்ராகவுக்கு எழுதினார். அதே ஆண்டில் உறவினரான அலெக்சாந்திராவுக்கு எழுதிய கடிதத்தில், அன்னா தமக்குக் கசந்துவிட்டாள், குணங்கெட்ட மாணவியோடு மாரடிக்கும் ஆசிரியர் நிலை தம்முடையது என்கிறார். உடனே, அவளைப் பற்றித் தவறாகப் பேச வேண்டாம், பேசினாலும் பதமாகப் பேசுக, எப்படியும் அவள் தத்தெடுத்த பிள்ளையாயிற்றே என்று சேர்க்கிறார். வெறுப்பும் உறவும் இவ்வாறு பின்னியிருந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் சாவு வந்தவண்ணம் இருந்தது. 1873 முதல் 1875 வரை மூன்று குழந்தைகளும், எர்கோல்ஸ்கயா உட்பட இரண்டு அத்தைமாரும் இறந்தனர்.

அந்நாவலில் ஒரே ஓர் அத்தியாயத்துக்குத்தான் தலைப்பு உண்டு. அத்தலைப்பு 'மரணம்'. லெவினின் அண்ணன் நிகலாய் காசநோயால் ஒரு மலிவான விடுதியில் சாகும் அத்தியாயம் அது. நிகலாய் என்பது 1860இல் பிரான்சில் காசத்தால் இறந்த மூத்த அண்ணனின் பெயர். வாழ்வும் சாவும் வேறோர் அண்ணனாகிய திமித்ரியுடையவை. இளமையில் துறவிபோல் வாழ்ந்த திமித்ரி பின்னர்த் தடம் மாறினார். விலைமகளிர் இல்லத்திலிருந்து மீட்டு வந்த மாஷா என்னும் பெண்ணோடு வாழ்ந்தார். 1856 ஜனவரியில் அர்யோல் நகரில் காசத்தால் இறந்தார். டால்ஸ்டாய் சென்று பார்த்தார்; ஆனால் இறுதிவரை இருக்கவில்லை. தலைநகரின் இலக்கிய வட்டங்கள் அவரை அழைத்தன, திரும்பிவிட்டார், சாவுச் செய்தி அங்கே வந்தது. அந்நாளைய தம் வீண்பெருமையையும் மனவறட்சியையும் முதுமையில் எழுதிய நினைவுகளில் கடுமையாகச் சாடியிருக்கிறார். நாவலில் லெவின் இறுதிவரை இருக்கிறான். அவன் மனைவி கிட்டி உள்ளே வந்து, அழுக்குப் படுக்கையை மாற்றி, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, கையைப் பிடித்துக்கொள்கிறாள். மாஷாவுக்கு நாவலிலும் அதே பெயர்; அவளை இழிவுபடுத்தும் சொல் ஒன்றும் இல்லை. 1856இல் அந்த அறையில் இல்லாத ஒருத்தியைப் பதினெட்டு, இருபது ஆண்டுகள் கழித்து அந்த அறைக்குள் அனுப்பிவைத்திருக்கிறார். பாத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கும் இளம் எழுத்தாளர்க்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் அவருடைய நூல்களில் இல்லை.

ஐம்பதை ஒட்டிய வயதில் நேர்ந்த பெரிய மனமாற்றம் பலரும் அறிந்தது. திருச்சபையோடு முரணினார், உடைமையை வெறுத்தார், தம் பழைய நாவல்களையே பழித்தார். அக்காலப் படைப்புகளுள் 1889இல் முடிந்த 'குரூட்சர் சொனாட்டா' மனைவியைப் பெரிதும் புண்படுத்தியது. ஊரார் அக்கதையில் தம் இல்வாழ்வைக் காண்கின்றனர் என்று சோஃபியா குமைந்தார். ஆயினும் 1891இல் ஜார் மன்னரை நேரிற் கண்டு, நூல்தொகுதியில் அதை அச்சிட அனுமதி பெற்றுவந்தவரும் அவரே. பின்பு 'யார் குற்றம்?' என்னும் புனைகதையில் பெண்ணின் பக்கத்தைத் தாமே எழுதினார். அது 1994இல்தான் அச்சேறியது. கதைமாந்தராக்கப்பட்டவர் எழுந்து நின்று விடைகூறிய அருநிகழ்ச்சி இது. டால்ஸ்டாய் வரலாறுகள் இதற்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் தராதது நேர்மையன்று.

1887இல் சட்ட வல்லுநர் கோனி ஓர் உண்மை வழக்கைச் சொன்னார். திருட்டுக் குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட விலைமகளை, நடுவர் குழுவில் அமர்ந்திருந்த ஒருவர் அடையாளம் கண்டார். அவளை இளமையில் கெடுத்தவர் அவரே. மணந்து ஈடுசெய்ய முன்வந்தார். அதற்குள் அவள் சிறையில் நச்சுக்காய்ச்சலால் இறந்தாள். இச்செய்தி டால்ஸ்டாயை உலுக்கியதற்குக் காரணம் இருந்தது. இளமையில் அத்தை வீட்டுப் பணிப்பெண் ஒருத்திக்குத் தாம் செய்த கேட்டை வாழ்க்கை வரலாறு எழுத வந்தவரிடம் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1889இல் 'புத்துயிர்ப்பு' தொடங்கியது, ஆனால் நகரவில்லை. எழுதுவதும் நிறுத்துவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1895 நவம்பரில் நாட்குறிப்பில் தடையின் காரணத்தைக் கண்டறிந்து எழுதினார்: தொடக்கம் பொய்யானது, பிரபு நெஹ்லூதவிடமிருந்து தொடங்கியது தவறு, அவளிடமிருந்து தொடங்க வேண்டும். அதன்பின் சிறையறையிலிருந்து கத்யூஷா வெளியே நடந்து வரும் காட்சி நாவலின் வாயிலாயிற்று.

தொடங்கும் இடம் மாறியதும் முடிவும் மாறியது. முந்தைய வடிவில் இருவரும் மணந்துகொள்கின்றனர். பாவம் செய்தவனுக்கு நிம்மதி கிடைக்கிறது. அச்சேறிய நாவலில் கத்யூஷா அவனை மறுத்து, சைபீரியாவுக்கு உடன் வந்த அரசியற் கைதியோடு தன் வாழ்வை அமைத்துக்கொள்கிறாள். நெஹ்லூதவின் கழுவாய்க்குக் கருவியாக இருக்க அவள் சம்மதிக்கவில்லை. அவள் முகத்தோற்றத்தைக் கூறும் சில வரிகளை டால்ஸ்டாய் எத்தனையோ முறை அடித்து எழுதினார்; வழக்கமான அழகியும் ஆகாமல் அருவருப்பும் ஆகாமல், சிறையின் வெளிறலோடு, சற்றே மாறுகண் பார்வையோடு அவள் நின்றாள். சிறை நடைமுறைகளை அறிய மாஸ்கோவின் புத்தீர்க்கா சிறைக் காவலர் ஒருவரிடம் கேட்டுத் திருத்தினார். 1899இல் தொடராக வெளிவந்தபோது, அந்த வருவாய் கனடாவுக்குக் குடியேறிய துகபோர் சமயத்தார்க்குச் சென்றது. எழுபதைக் கடந்த கணவர் பழைய பணிப்பெண்ணின் நினைவைச் சுவைத்து எழுதுகிறார் என்று சோஃபியா தம் நாட்குறிப்பில் கசந்துகொண்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கத்யூஷாவின் மறுப்பை அவர் போதிய அளவு கருதவில்லை.

எஞ்சியது ஒருவன். 1896 ஜூலையில், உழுத நிலத்தின் நடுவே வண்டிச் சக்கரத்தால் நசுங்கியும் சாயாமல் நின்ற முட்செடி ஒன்றைக் கண்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் காக்கசஸில் கேள்வியுற்ற ஹாஜி முராத் நினைவுக்கு வந்தான். மலைமக்களின் தலைவர் ஷாமிலோடு பகைத்து 1851இல் ருஷ்யரிடம் சரணடைந்து, 1852இல் தப்பியோட முயன்று கொல்லப்பட்டவன் அவன். சரணடைந்ததைப் பற்றி இளைஞர் டால்ஸ்டாய் அண்ணனுக்கு ஏளனத்தோடுதான் எழுதியிருந்தார். முதியவர் அத்தீர்ப்பையும் இழந்தார். கலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய 'கலை என்றால் என்ன?' நூலை எழுதிய காலத்திலும், அதன் பின்னும், இக்கதையை வெட்கத்தோடு, பிறர் அறியாமல் எழுதிவந்தார். அவனுக்குக் காவலாயிருந்த அதிகாரியின் மனைவியும் மகனும் உயிரோடிருப்பதறிந்து 1902, 1903ஆம் ஆண்டுகளில் கடிதம் விடுத்தார். அவன் ருஷ்ய மொழி பேசினானா, நொண்டி நடந்தானா, தனி வீட்டில் இருந்தானா, தப்பிய நாளில் குதிரைகள் யாருடையவை, துப்பாக்கி தோளில் தொங்கியதா என்றெல்லாம் கேட்டார். உலகுக்கு அறம் உரைத்துக்கொண்டிருந்த எழுபத்து நான்கு வயது முனிவருக்கு ஒரு மலைவீரனின் தோளில் துப்பாக்கி இருந்ததா என்பது தெரிந்தாக வேண்டியிருந்தது.

1904வரை திருத்தியும் அதை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1910 அக்டோபர் 28 அதிகாலையில் மனைவிக்குத் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியேறினார். வழியில் நிமோனியா கண்டு, அஸ்தாபவா ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரியின் வீட்டில் நவம்பர் 7 அன்று உயிர் நீத்தார். 'ஹாஜி முராத்' 1912இல் வெளிவந்தது. ருஷ்யாவில் வந்த பதிப்பில் தணிக்கையாளர் பல இடங்களை வெட்டியிருந்தனர். முழு வடிவம் பெர்லினில் அச்சாயிற்று.